காளை வைத்த ஒடுக்கு

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்தபோது உங்களில் ஒருத்தர் ஒரு பழைய வண்டியின் கதவில் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கை. அடி அளவாக விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் சொன்ன ஒடுக்கை எடுத்து முடித்தவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. கதவின் கீழ் ஓரத்தில் இன்னொரு சின்ன நசுங்கல் இருந்தது, அதையும் தட்டப் போனார். "அதை எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலைங்க ஐயா. கையோட கையா எடுத்துரலாம்னுதானுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பீர்கள். காரணம் சொல்லாமல் கத்திவிட்டு வந்தது என் தப்புதான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களுக்கு அவை பழைய வண்டிகள். மாட்டுக் கொட்டகையிலும் குடோனிலும் கிடந்தவற்றைத் தேடிக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, மறுபடி ஓட வைக்கிறீர்கள். நான் அதே வண்டிகளைக் கப்பலில் வந்து இறங்கிய கருக்கு மாறாமல் பார்த்தவன். முப்பதுகளில் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் தகடு தட்டி ஒடுக்கு எடுக்கிற டிங்கராக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மில் சங்கு ஊதினால் சாப்பாடு, மறுபடி ஊதினால் வேலை. குளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் பெயிண்டர் தூசி வருகிறதென்று எங்களைத் திட்டுவார், என்னமோ நாங்கள் போய்க் கூட்டிவந்த காற்று மாதிரி. அவர் பேரைச் சொல்ல மாட்டேன். பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். எந்தத் தெருவில் எந்தக் கார் வருகிறதென்று ஹாரன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற காலம் அது. இன்றைக்கும் தகடு சூடாகிற வாசனை எங்கேயாவது வந்தால் நான் நின்றுவிடுகிறேன். அந்த நாட்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

எங்கள் பட்டறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கீரைக்கார அம்மா கட்டுக்கு மேலே நாலு தண்டு கொசுறு போடுவார் இல்லையா, அந்த மாதிரி எந்த வண்டி வந்தாலும் சொன்ன வேலைக்கு மேலே ஒரு சின்ன வேலை செய்து அனுப்புவோம். பிரேக் பார்க்க வந்தால் கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவோம். விளக்கு மாற்ற வந்தால் ஆடுகிற நம்பர் பலகையை முடுக்கிவிடுவோம். சொல்லிக் காட்ட மாட்டோம். வண்டிக்காரர் ஊருக்குப் போய்த் தானாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டும், அதுதான் எங்களுக்குப் பெருமை.

நம் பக்கத்து ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்து "போதுங்க, போதுங்க" என்று இலைமேல் கையை விரிப்பார்கள். அந்த விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி ஊற்றாவிட்டால் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். பட்டறையிலும் அதே கதைதான். "இத மட்டும் பாத்துக் குடுங்க, போதுங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் செய்து அனுப்பினால் எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சூசையண்ணன் ஒரு பெரிய கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் டிரைவர். வண்டி, பக்கத்துக் கிராமத்தில் நூறு ஏக்கருக்கு மேல் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரிய மனிதருடையது. சூசையண்ணன் அவரைப் 'பண்ணாடி' என்பார், அவர் தோட்டங்காட்டில் வேலை செய்த எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். சூசையண்ணனின் அப்பாவும் தாத்தாவும் பண்ணாடி காட்டில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். இவரும் சின்ன வயதில் அங்கே மாடு ஓட்டியவர்தான். கார் வாங்கியதும் பண்ணாடி இவரைப் பழக்கி ஸ்டீரிங்கைக் கையில் கொடுத்தார். அவர்கள் சனத்திலேயே கார் ஓட்டிய முதல் ஆள் இவர். பண்ணாடியின் சொந்தபந்தங்களுக்கு அது பொறுக்கவில்லை.

"எப்படிங்ணா நசுங்குச்சு?" என்றேன்.

"மார்க்கெட்டுல ஒரு மாட்டு வண்டிங்க. திருப்பறேன்னு நொகத்தடியக் கொண்டாந்து இடிச்சுப்போட்டான். நான் நிறுத்தித்தான் வெச்சிருந்தனுங்க."

முன்பக்க இடது மட்கார்டில், விளக்குக்குப் பின்னால், ஒரு தட்டளவுக்கு உள்ளே போயிருந்தது. எனக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் சூசையண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக என் பக்கம் குனிந்து சொன்னார். பண்ணாடி ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருக்கிறார், வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி ரயிலில் வருகிறார், அதற்குள் இது தெரியாமல் போய்விட வேண்டும்.

விஷயம் இதுதான். முந்தின சித்திரையில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்திருந்தபோது சூசையண்ணன் வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசல் கேட் தூணில் உரசிவிட்டார். மச்சான், மாமன் என்று வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாடு மேய்ச்சவன் கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருத்தர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பண்ணாடிக்கு மானம் போயிற்று. அந்தப் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "இனி இந்த வண்டியில ஒரு ஒடுக்கு சேந்துச்சுன்னா, அன்னிக்கே சாவியக் குடுத்துப்போட்டுக் காட்டுக்குப் போயிரு." பண்ணாடி சொன்னால் சொன்னதுதான். அது ஊருக்கே தெரியும்.

"எனக்கு வேலை போறது கூடப் பரவாயில்லீங்க" என்றார் சூசையண்ணன். "புள்ளைக ரெண்டும் மிஷன் பள்ளிக்கோடத்துல படிக்குதுங்க. நான் காட்டுக்குப் போனா அதுகளும் ஆட்டுக்குப் பின்னால போகோணும். அவ்வளவுதானுங்க எல்லாம்."

போகும்போது திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத மட்டும் எடுத்துக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க. இது போதுங்க."

கேட்டேன். காதில் நன்றாகத்தான் விழுந்தது. பந்தியில் இலைமேல் விரித்த கை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளி சாமான் வாங்க மதராஸ் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, அவருக்கு அந்த வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும். நான் அங்கே சேர்ந்து ஆறு மாதம்தான். மட்கார்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் நுகத்தடி ஒடுக்கு போய்விட்டது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதிலிருந்து நாலு விரல் தள்ளி இன்னொன்று இருந்தது. பழசு. குழியாக, ஆழமாக, ஒரு பெருவிரல் போகிற அளவுக்கு. ஓரத்தில் பெயிண்ட் வெடித்து லேசாகத் துரு ஏறியிருந்தது. தடவிப் பார்க்கிறபோதெல்லாம் கை அதில் போய் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. பாவம், பயந்த மனிதர், இதையும் எடுத்துக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, இவ்வளவு ஆழமான குழியை என்னால் எடுக்க முடியுமா என்று எனக்கே பார்க்க ஆசை.

எடுத்தேன். ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. இழுபட்ட தகட்டைக் காய்ச்சி, ஈரத்துணி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொண்டுவந்து, கடைசியில் அங்கே ஒரு குழி இருந்தது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். பெயிண்டர் வந்து தடவிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. அன்றைக்கு "பரவால்லடா" என்றார். நான் இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டே தூங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சூசையண்ணன் வந்தார். மட்கார்டு மாட்டி, துடைத்து, கண்ணாடி மாதிரி நிற்கிறது. நானும் பெயிண்டரும் பக்கத்தில் நின்றோம், பாராட்டு வாங்கிக்கொள்ள. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது மட்கார்டுக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காளை எங்கீங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் காளைங்ணா?"

"இங்கிருந்துச்சுங்களே. காளை வெச்ச ஒடுக்கு."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விவரம் தெரிந்தது. பண்ணாடிக்கு ஒரு காங்கேயம் காளை இருந்தது. கன்றிலிருந்து அவர் கையால் வளர்த்தது. அவர் குரலைத் தவிர வேறு யார் குரலுக்கும் அசையாது. நாலு வருடத்துக்கு முன்னால் இந்தக் கார் முதன்முதலாக வாசலுக்கு வந்தபோது, ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கையில், அந்தக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மட்கார்டில் ஒரு கொம்பை ஏற்றியது. எல்லோரும் பதறிப்போனார்கள், காளைக்கு இன்றைக்குத் தோல் உரிந்தது என்று. பண்ணாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஊட்டுக்கு மூத்தவன் கோவிச்சுக்கிட்டான்" என்றாராம். அடுத்த வருடம் கோமாரி வந்து காளை செத்துப்போயிற்று. மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து காரில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் குழியில் பெருவிரலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் ஏறுவார். எங்கள் முதலாளி ஒரு தடவை அதை எடுத்துவிடலாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

"அடக் கெரகமே" என்றார் பெயிண்டர்.

"வேற எதையும் தொடாதீங்கன்னு சொன்னனுங்களே" என்றார் சூசையண்ணன். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே 'ங்க' போட்டுச் சொன்னார்.

தம்பிகளா, தொழிலில் செய்த தப்பைச் சொல்லச் சொன்னால் ஆட்கள் கை பிசகியதைச் சொல்வார்கள். என் கை அன்றைக்குப் பிசகவே இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலைகளில் அது ஒன்று. அந்த நல்ல வேலைதான் ஒரு மனிதனைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது. சொன்ன வேலையை மட்டும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"நான் வந்து பண்ணாடிகிட்டச் சொல்லிடறேன். என் தப்புதான்னு சொல்லிடறேன்" என்றேன்.

சூசையண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். என்னைவிட அவருக்குப் புத்தி நிதானமாக வேலை செய்தது. "நீங்க எடுத்தீங்கன்னு சொன்னா, வண்டி எதுக்குப் பட்டறைக்கு வந்துச்சுன்னு கேப்பாருங்க. அதச் சொன்னா, புது ஒடுக்கச் சொல்லோணும். சொன்னாப் பண்ணாடி என்ன செய்வாரு? பத்துப் பேர் முன்னால சொல்லிப்போட்டாருங்களே."

மணி ஒன்றரை. ஸ்டேஷனுக்கு நாலரைக்குள் போயாக வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். ஒரு பொய்யைத் தகட்டில் அடித்து வைக்கிற யோசனை. உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்யவில்லை. அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா, காளை எப்படி முட்டுச்சுன்னு காட்டுங்க" என்றேன்.

ஒடுக்கு எடுக்க ஆயிரம் அடி அடிக்கலாம். தப்பினால் மறுபடி தட்டிச் சரிசெய்யலாம். ஒடுக்கு போட ஒரே அடிதான். இரண்டாவது அடி விழுந்தால் அது சுத்தியல் அடி என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதனால் காளை எங்கே நின்றது, தலையை எவ்வளவு தாழ்த்தியது, கொம்பு கீழிருந்து மேலே போயிற்றா, பக்கவாட்டில் போயிற்றா, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். சூசையண்ணன் அழுத கண்ணோடு பட்டறை நடுவில் காளையாக நின்றார். தலையைத் தாழ்த்தி, ஒரு காலை முன்னால் வைத்து, விசுக்கென்று மேலே தூக்கினார். பெயிண்டர் மட்கார்டு மாதிரி கையை வளைத்துக்கொண்டு எதிரில் நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்டரும் சிரித்துவிட்டார். "சிரிங்க, சிரிங்க, எம்பொழப்பு சிரிப்பாத்தானே இருக்குது" என்று சூசையண்ணன் சொல்லி, அவரும் சிரித்து, மறுபடி அழுதார்.

ஒரு வேலாமரக் கட்டையைக் கொம்பு மாதிரிச் செதுக்கினேன். மட்கார்டைக் கழற்றலாமா என்று பெயிண்டர் கேட்டார். வேண்டாம் என்றேன், வண்டியில் மாட்டியிருந்தபோதுதானே காளை முட்டியது. போல்ட்டு பிடித்திருக்கிற தகடு வளைகிற மாதிரி மேஜைமேல் கிடக்கிற தகடு வளையாது. சூசையண்ணன் இடத்தைக் காட்டினார். பெயிண்டர் இன்னும் சித்தெ மேலே இருந்ததாகச் சொன்னார். அவர் அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் சொன்னார். நான் என் கையை நம்பினேன். ஒரு பகல் முழுக்க அந்தக் குழியோடு மல்லுக்கட்டிய கை அது. கண்ணை மூடித் தடவி, இங்கேதான் என்று வைத்து, கட்டையின் அடியில் பெரிய சுத்தியலால் கீழிருந்து மேலாக ஒரே ஒரு அடி அடித்தேன்.

தகடு உள்ளே போன சத்தம் எனக்கு நெஞ்சில் அடித்தது. முந்தின நாள் அவ்வளவு ஆசையாக எடுத்த இடம். பெயிண்ட் ஓரத்தில் வெடித்தது. பெயிண்டர் பீடிச் சாம்பலையும் கிரீசையும் குழைத்து வெடிப்பில் ஏற்றினார். மட்கார்டு மட்டும் பளபளவென்று காட்டிக்கொடுக்கும் என்று வழியில் செம்மண் புழுதியை அள்ளிப் பூசினோம். வண்டியை அழகாக்கி அனுப்புவதே தொழிலாக இருந்தவர்கள், அன்றைக்கு அழுக்கு பூசி அனுப்பினோம்.

நானும் கூடவே போனேன். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றுகொண்டேன். ரயில் வந்தது. பண்ணாடி வெள்ளை வேட்டியும் கோட்டுமாக வந்தார். வாட்டசாட்டமான மனிதர். சூசையண்ணன் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். பண்ணாடி இடது மட்கார்டுக்குப் போனார். பார்க்காமலே கையை நீட்டிப் பெருவிரலை வைத்தார்.

வைத்த விரலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சூசையண்ணனைப் பார்த்தார். சூசையண்ணன் கதவைத் திறந்து பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பண்ணாடி ஏறி உட்கார்ந்தார். "போலாம்" என்றார். வண்டி போயிற்று. ஜட்காக்காரர் ஒருத்தர் "ஏனுங்க தம்பி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

தப்பித்துவிட்டோம் என்றுதான் ஒரு மாதம் நினைத்திருந்தேன். சூசையண்ணன் இரண்டு தடவை பட்டறைப் பக்கம் வந்தபோதுகூட முகம் தெளியவில்லை. வேலை இருக்கிறதே என்றேன். இருக்குதுங்க என்றார்.

ஒரு நாள் காலையில் பண்ணாடியே வண்டியில் வந்து இறங்கினார். இறங்கியதும் சூசையண்ணனிடம், "ஏண்டா சூசை, ஊட்டுக்குப் பவானி ஜமக்காளம் ஒண்ணு வேணும்னு அம்மா கேட்டாங்க. நீ பஸ்ஸேறி டவுனுக்குப் போய் நாலு கடை ஏறி எறங்கிப் பாத்து வாங்கிட்டுப் பொழுதோட வா. வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். சூசையண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பண்ணாடி ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, எத வெச்சு அடிச்சே?" என்றார்.

"வேலாமரங்க" என்றேன்.

"கீழ இருந்து அடிச்சிருக்கறே. சரிதான். அப்படித்தான் முட்டுனான்." பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். "ஆனா இந்த வெரலு மூணு வருசமா அதுக்குள்ள போயிட்டு வந்துச்சு. அன்னிக்கு ஸ்டேசன்ல போகல. ஓரத்துல தட்டுச்சு."

காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டு வண்டி, நுகத்தடி, சூசையண்ணன் வேறு எதையும் தொடாதே என்று சொன்னது, நான் தொட்டது, எல்லாம்.

"சூசை அதத் தொட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? அந்தக் காளைக்குத் தண்ணி காட்டுனவனே அவன்தான்."

"அப்ப அன்னிக்கே ஏனுங்க ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா அவன எறக்கி உட்டிருக்கோணும். அத்தனை பேர் முன்னால ஒரு ஒடுக்கு சேந்தாப் போயிருன்னு சொன்னவன் நான்." வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "நின்னு எண்ணிப் பாத்தேன். போகறப்ப வண்டியில ஒரு ஒடுக்கு இருந்துச்சு. வாரப்பவும் ஒண்ணுதான் இருக்குது. சேரல. அப்பறம் எதுக்கு அவன எறக்கறது?"

பிறகு அவரே சொன்னார்: "இந்த ஒரு மாசத்துல அவன் நாலு தடவை வாயத் தொறந்தான், பண்ணாடி அன்னிக்குன்னு. நாலு தடவையும் நான் மழை, சோளம்னு வேற பேச்ச எடுத்துப்போட்டேன். அவன் சொல்லிப்போட்டா நான் கேட்டாகோணும். கேட்டா எஞ்சொல்லுப்படி நடந்தாகோணும். ஆனா அவனுக்கு ராவுல தூக்கம் இல்ல. மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. எனக்கும் அந்தக் குழிமேல கை வெக்க மனசு வல்ல. அது எங்காளை வெச்சது இல்ல, நீ வெச்சது. எடுத்துப்போடு."

அவருடைய காளையின் கடைசி அடையாளத்தைப் பெருமைக்காக அழித்தவன் நான். அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இந்த அளவுக்கு வலித்திருக்காது. சுத்தியலை எடுத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அவருக்குத் தெரிந்திருக்கும்.

மத்தியானச் சங்கு ஊதியும் சாப்பிடப் போகவில்லை. பண்ணாடியும் போகவில்லை, அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்தபோது மட்கார்டின் விளிம்பில் ஒரு சின்னக் கீறல் கண்ணில் பட்டது. பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். பெயிண்டர் அந்த இடத்துக்கு மட்டும் கறுப்பு அடித்துக் காற்றுக்குச் சாக்குப் படுதா கட்டினார்.

வெயில் சாயும்போது சூசையண்ணன் மடித்த ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலிலேயே மட்கார்டு கண்ணில் பட்டுவிட்டது. நின்றுவிட்டார். ஈரக் கறுப்பில் ஒரு குழியும் இல்லை, ஒரு வளைவும் இல்லை. ஜமக்காளம் தோளிலிருந்து சரிந்து கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை.

"பண்ணாடி," என்றார், "அன்னிக்கு மார்க்கெட்டுல..."

சொல்லும்போதே பண்ணாடி வழக்கம்போல் வேறு பேச்சை எடுத்துவிடுவார் என்று சூசையண்ணன் குரல் நின்றது. பண்ணாடி பெட்டியிலிருந்து எழுந்தார். ஜமக்காளத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் தோளில் மறுபடி போட்டார்.

"இப்பச் சொல்லுடா சூசை," என்றார். "இப்ப வண்டியில ஒடுக்கே இல்ல."